டவாலி வீட்டு இங்கிலீஷ்

லீடர் ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். "எல்லாரும் எழுதிக் குடுத்தாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி" என்றாள். எட்டாவதில் லீடராக இருந்தவள் இன்னும் லீடராகவே இருக்கிறாள். ஆளுக்கு நாலு பக்கம், சின்ன வயசு ஞாபகம் ஒன்று எழுதணுமாம். தைத்து புத்தகமாக்கி, நாம் எல்லாரும் கூடுகிற அன்றைக்குக் கையில் கொடுப்பாளாம்.

நீங்கள் எழுதினதைப் படிக்கக் கொடுத்தாள். நாவப்பழம், தீபத்தன்று மொட்டை மாடி, டீச்சர் கொண்டையில் குத்தின பென்சில். நன்றாக இருக்கிறது. மூணு பேர் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் பட்டப் பேர் டிக்சனரி என்று. வாத்தியாருக்கே தெரியாத வார்த்தை சொல்லுவாள், வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள், அவள் நேரம் அப்படி ஆச்சு என்று.

நேரம் ஒன்றும் இல்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். புத்தகத்தில் போடுவதும் போடாததும் லீடர் இஷ்டம்.

எங்கள் அப்பா கோர்ட்டில் டவாலி. ஜட்ஜ் உள்ளே வரும்போது முன்னால் நடந்து வழி விடச் சொல்வது, வெளியில் நின்று கட்சிக்காரன் பேரை மூணு தடவை கூப்பிடுவது, அதுதான் வேலை. வெள்ளை உடுப்பு. தோளிலிருந்து இடுப்புக்குச் சிவப்புப் பட்டை. அதில் பித்தளை வில்லை. அந்த வில்லையை அம்மா தினமும் புளி போட்டுத் தேய்ப்பாள். காலையில் வீடே புளி வாசம் அடிக்கும்.

அப்பா ஆறாவது வரைக்கும்தான். ஆனால் நாள் முழுக்க நிற்பது வக்கீல்களுக்கு நடுவில். அவர்கள் பேசுகிற பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் அவர் காதில் விழும். எந்த வார்த்தைக்கு எதிர்ப்பக்கத்து வக்கீல் வாய் அடைத்துப் போனாரோ, அதைப் பிடித்துக்கொள்வார். மத்தியானம் குமாஸ்தா ஒருத்தரிடம் அர்த்தம் கேட்டு, ஒரு பழைய டைரியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். நீல அட்டை. ஏதோ ஒரு வக்கீல் தூக்கிப் போட்டது. மூக்குப்பொடி நாத்தம் அடிக்கும்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தட்டு வைக்கணும். ஈயத் தட்டு. சோறு போடுவதற்கு முன்னால் அப்பா டைரியைத் திறந்து ஒரு வார்த்தை கேட்பார். அர்த்தம் சரியாகச் சொன்னால் சோறு, குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் உண்டு. தப்பாகச் சொன்னால் சோறும் குழம்பும் மட்டும். தெரியாது என்று சொன்னால் தட்டைக் கவிழ்த்துவிடுவார். அவ்வளவுதான். எழுந்து போகணும்.

"கூண்டுல நின்னுக்கினு தெரியாதுங்கன்னு சொன்னவன் எவனும் கெலிச்சதில்ல" என்பார். "தப்பா சொல்லு, தலய நிமிர்த்தி சொல்லு. தெரியாதுன்னு மட்டும் சொல்லாத."

எனக்கு முதல் தடவை தட்டு கவிழ்ந்தது ஒன்பது வயசில். அதற்கப்புறம் கவிழவில்லை. எப்படி என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒரு நாள் "இன்டர்லாக்யூட்டரி" என்றார். டைரியில் முன்னாலே சொல்லியிருந்தார், எனக்கு மறந்துபோச்சு. கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "சாட்சி சொல்லி முடிச்சவனுக்குக் குடுக்குற தண்ணி."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இடைக்கால உத்தரவுடி அது. தப்பு. ஆனா எப்டி சொல்லுது பாரு! ஜட்ஜே நம்பிடுவாரு." அவர் கையாலேயே குழம்பு ஊற்றினார். வக்கீலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அம்மாவைக் கேட்க மாட்டார். அம்மா கேட்கிற கணக்கில் வராத ஆள். அடுப்பாண்டை நின்றுகொண்டே இருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தைகளைத்தான் உங்களிடம் இறைத்தேன். யாராவது நெல்லிக்காய் பிடுங்கினால் "மிஸ்அப்ரோப்ரியேஷன்" என்பேன். நீங்கள் வாயைப் பிளப்பீர்கள். எனக்குப் பசித்ததே இல்லை அப்போது.

இப்போது சித்தி.

சித்தப்பா, அப்பாவுக்கு அடுத்தவர். ரோடு போடுகிற சர்க்கார் வேலை. கால் ரெண்டும் எப்போதும் தாரில் கறுத்திருக்கும். வீட்டுக்குள் வரும் முன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொள்வார். சித்திக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. எட்டாவது படித்தவள். கட்டிக்கொண்டு வந்தபோது பத்தொன்பது வயசு. ரெண்டு பேரும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தார்கள். ஆண் குழந்தை பிறந்து எட்டு மாசம் ஆனபோது, தார் டிரம் ஏற்றின லாரி பின்பக்கமாக வந்து சித்தப்பாவை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போதே உயிர் இல்லை. அவர் செருப்பு வாசலில் கிடந்தது. அடியில் தார் கட்டி, ஒரு ஜோடி நாலு ஜோடி கனம் கனக்கும். சித்தி அதை யாரையும் எடுக்க விடவில்லை.

காரியம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பா டைரியைத் திறந்தார். சித்தி மூலையில் குழந்தையோடு இருந்தாள்.

"காண்ட்ரிப்யூட்டரி நெக்லிஜென்ஸ்" என்றார். எனக்குத் தெரியாத வார்த்தை. ஏதோ சொன்னேன். அப்பா சித்தியைப் பார்த்துக்கொண்டே அர்த்தம் சொன்னார். "செத்தவன் மேலயும் பாதி தப்பு இருக்குதுன்னு அர்த்தம். லாரிகாரன் வக்கீல் இதத்தான் சொல்லுவான். அவன் ஏன் பின்னால நின்னான்?"

சித்தி தலையை எடுக்கவில்லை.

அந்தக் காலத்திலேயே, சர்க்கார் வேலையில் இருந்தவன் செத்தால் பொண்டாட்டிக்கு ஒரு வேலை தருவார்கள். ஆபீஸில் பெருக்குவது, தண்ணி வைப்பது, பைல் தூக்குவது. மாசம் பிறந்தால் சம்பளம், சாகிற வரைக்கும் பென்ஷன். சித்திக்கு அது வரணும். வந்தால் அவளும் பிள்ளையும் யார் கையையும் பார்க்க வேண்டாம். வராவிட்டால் அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். அண்ணன் வீட்டில் ஆறு பேர், அரை காணி மல்லாட்டை, அந்த வேர்க்கடலை ஒன்றுதான் வருமானம். இது சித்திக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும்.

எங்கள் சின்ன சித்தப்பாவுக்கும் தெரியும். அப்பாவுக்குக் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, வேலையும் இல்லை. மதியம் வரைக்கும் தூங்கி எழுந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றுவிட்டு வருவார். செத்தவன் பொண்டாட்டி தனக்கு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அது கல்யாணம் ஆகாத தம்பிக்குப் போகும். இது மட்டும் சித்திக்குத் தெரியாது.

சித்தியை அப்பா தட்டு வரிசையில் உட்கார வைத்தது அப்போதுதான். "ஆபீசர் இண்டர்வியூல கேப்பாரும்மா. இங்கிலீஷ் தெரியாத பொம்பளைக்கு எவன் வேல குடுப்பான்?" என்றார். சித்தி நம்பினாள். நானும் நம்பினேன்.

முதல் நாள், "சர்கம்ஸ்டான்ஷியல் எவிடென்ஸ்" என்றார்.

"தெரியாதுங்க மாமா."

தட்டைக் கவிழ்த்தார். பால் கொடுக்கிறவள் என்று அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மூணு நாள் அப்படி ஆனது. பால் கம்மியாகிப் பிள்ளை கத்தியது. அம்மா பகலில் கஞ்சித் தண்ணியை வடித்து அதற்கு ஊற்றினாள். நான் சித்தியிடம் போய் ரகசியம் சொன்னேன்.

"எதையாவது சொல்லு சித்தி. சோறு போட்டுடுவாரு."

"தெரியாதத தெரியும்னு எப்டி பாப்பா சொல்றது?"

"நான் சொல்றனே."

"உனக்கு வருது. எனக்கு வரல." சிரித்தாள். "நீ நெசமான அர்த்தத்த சொல்லிக் குடு. நான் படிச்சிக்கிறேன்."

அப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிணற்றடி. சித்தி பாத்திரம் துலக்குவாள், நான் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து டைரி வார்த்தைகளைச் சொல்வேன். சாம்பல் கையோடு அவள் திருப்பிச் சொல்வாள். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். என்னைவிட சீக்கிரம். ஒரு மாசத்தில் அறுபது வார்த்தை. "நாட்வித்ஸ்டாண்டிங் எனிதிங் கன்டெய்ன்ட் — அதுல எது எழுதியிருந்தாலும் சரி" என்று பிள்ளைக்குத் தாலாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்வாள். பிள்ளை சிரிக்கும். எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. இருந்தாலும் அவள் என்னை "வாத்தியாரே" என்று கூப்பிட்டதால் சகித்துக்கொண்டேன்.

ஒரு நாள் டைரி கையில் இல்லை. ஒரு வார்த்தைக்கு அவள் அர்த்தம் கேட்டாள். "ஆல்டர்கேஷன்." எனக்கு மறந்துபோச்சு. மறந்துபோச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. "கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு வூட்டுக்காரங்களும் உக்காந்து பேசுவாங்களே, அது" என்றேன்.

அன்றைக்குப் பார்த்து அப்பா அதையே கேட்டார். சித்தி நிமிர்ந்து, நான் சொன்ன மாதிரியே சொன்னாள். அப்பா சிரித்தார். சின்ன சித்தப்பாவுக்குச் சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிப் புரை போச்சு. "வாய்ச் சண்டைம்மா அது!" என்றார் அப்பா. "கரெக்டா தான் சொல்லிச்சு அண்ணி, நம்ம வூட்டு கல்யாணப் பேச்சு அப்டிதானே நடந்திச்சு!" என்றார் சின்ன சித்தப்பா. நானும் சிரித்தேன். எல்லாரைவிட ஜாஸ்தியாக நான்தான் சிரித்தேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று சொல்லவில்லை. மறுநாள் கிணற்றடியில், "மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லிடு பாப்பா. நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன்" என்றாள்.

தலையாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா ஒரு காகிதம் கொண்டு வந்தார். இங்கிலீஷில் டைப் அடித்தது, ரெண்டு பக்கம், முத்திரைத் தாள். கார்பன் வாசம் இன்னும் போகவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிச் சித்தி முன்னால் வைத்து, மேலே காகிதத்தை விரித்தார். பேனாவுக்கு மை போட்டார். சின்ன சித்தப்பா வாசற்படியில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சீக்கிரம் எழுந்திருந்தார்.

"உனக்கு வேல கேட்டு ஆபீசுக்கு எழுதுற மனும்மா. மூணு எடத்துல கையெழுத்துப் போடு."

சித்தி உடனே போடவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். அவள் பேர், சித்தப்பா பேர், ஊர் பேர் எல்லாம் வாசித்தாள். ரெண்டாம் பக்கத்தில் ஒரு வார்த்தையில் விரல் நின்றுபோச்சு. அதற்குமேல் நகரவில்லை.

"மாமா, இது இன்னாது?"

"எது?"

"இது. ரெ... லின்... க்விஷ்."

அப்பா காகிதத்தைப் பார்க்கவில்லை. சித்தியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னா நம்பிக்கை வராது உனக்கு. பாப்பாவக் கேளு. உன் வாத்தியாருதான?"

அந்த வார்த்தை டைரியில் இல்லை. நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை.

இதை இந்த வயசில் யோசித்துப் பார்க்கிறேன். கோர்ட்டில் தினம் புழங்குகிற வார்த்தை அது. பாகப்பிரிவினை, சொத்து வழக்கு எதிலும் வரும். காதில் விழுந்த எல்லாப் பெரிய வார்த்தையையும் வீட்டுக்குக் கொண்டு வந்தவர், இதை மட்டும் கொண்டு வரவில்லை. நான் தெரியாது என்று சொல்ல மாட்டேன் என்பதும் இந்த உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அவர் பழக்கினது.

சித்தி குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாத் தெரியுமா பாப்பா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் அண்ணன் கிட்ட குடுத்து யாரையாவது படிக்கச் சொல்லி கேட்டுக்கினு வரேன். ரெண்டு நாள் ஆவட்டும், ஒன்னும் ஆயிடாது."

ஒரு வார்த்தை போதும். அந்தக் காகிதம் பெட்டிமேல் அப்படியே கிடந்திருக்கும்.

"தெரியும் சித்தி" என்றேன். "ரெலின்க்விஷ்னா வேண்டிக் கேட்டுக்கிறது. பணிவோட கேக்குறதுன்னு அர்த்தம்."

தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

சித்தி கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மூணு இடத்திலும் நிறுத்தி நிதானமாகப் போட்டாள். அப்பா காகிதத்தை எடுத்து மை காய ஊதினார். சின்ன சித்தப்பா எழுந்து போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் டைரி திறக்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் போட்டார்கள். அம்மா சேமியா பாயசம் வைத்திருந்தாள். அப்பா வைக்கச் சொன்னாராம். சித்தி ரெண்டாந்தரம் வாங்கிக் குடித்தாள்.

மறுவாரம் நம் இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்டேன். அர்த்தம் தெரிந்துகொள்ள இல்லை. புது வார்த்தை ஒன்று கிடைத்ததே, காட்டிக்கொள்ளலாம் என்று. டீச்சர் போர்டில் எழுதினார். "விட்டுக்கொடுத்தல். தன் உரிமையைத் தானே வேண்டாம் என்று விடுதல்" என்றார். "இந்த வயசில் இந்த வார்த்தை தெரிஞ்சிருக்கே, எல்லாரும் கை தட்டுங்க" என்றார்.

நீங்கள் தட்டினீர்கள். லீடர், நீதான் ஆரம்பித்தாய். ஞாபகம் இருக்காது.

அந்தக் கைதட்டலில் நின்றுகொண்டிருந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பதினொரு வயசுக்கு அது புரியும். சித்தி எதை எழுதிக் கொடுத்திருக்கிறாள், வேலை யாருக்குப் போகும், சின்ன சித்தப்பா ஏன் அன்றைக்குச் சீக்கிரம் எழுந்தார், எல்லாம்.

அந்தக் காகிதம் அப்போது எந்த ஆபீஸிலோ எந்த மேஜையிலோ கிடந்திருக்கும். உத்தரவு ஆக நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசத்தில் எந்த நாளில் நான் சொல்லியிருந்தாலும், சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய், எனக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கிட்டாங்க என்று அழுதிருக்கலாம். நிறுத்தியிருப்பார்கள்.

நான் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பயந்து என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம். பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது இல்லை காரணம். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சித்திக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாலு மாசமும் சித்தி கிணற்றடியில் படித்தாள். தபால்காரர் வருகிற நேரத்துக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "வேல வந்ததும் உனக்கு முதல் சம்பளத்துல பாவாட எடுத்துத் தரேன் வாத்தியாரே. இன்னா கலரு வேணும்?" என்றாள். நான் யோசித்து, மாம்பழ மஞ்சள் என்று சொன்னேன். அதையும் சொன்னேன்.

உத்தரவு தபாலில் வரவில்லை. சின்ன சித்தப்பாவே ஆபீஸில் கையில் வாங்கி வந்தார். புதுச் செருப்பு போட்டிருந்தார். அம்மா ஆரத்தி எடுத்தாள். சித்தி பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். தனக்குத்தான் வந்திருக்கிறது, வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"அது அவனுக்கும்மா" என்றார் அப்பா.

"எனக்குத்தான மாமா எழுதிப் போட்டோம்?"

"நீதான் வேணாம்னு எழுதிக் குடுத்த. கையெழுத்து உன்னுது. மூணு கையெழுத்து. நீ சின்ன வயசு. வேல கையில இருந்தா நாளைக்கி எவனையாவது கட்டிக்கினு போய்டுவ. வேல குடும்பத்துல இருக்கட்டும். உனக்கும் புள்ளைக்கும் சோறு போட மாட்டமா நாங்க?"

சித்தி அவரை விட்டுத் திரும்பினாள். நேராக என்னிடம் வந்தாள். நான் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். குனிந்து, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கேட்டாள். கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

"அந்த வார்த்தைக்கி இன்னா பாப்பா அர்த்தம்?"

அப்போது எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். போர்டில் எழுதினது கண் முன்னால் நிற்கிறது.

"தெரியாது" என்றேன்.

அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு என் தட்டைக் கவிழ்க்கவில்லை.

மறுநாள் அண்ணன்காரர் சைக்கிளில் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. டிரங்குப் பெட்டியைப் பின்னால் கட்டினார். சித்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தத் தார்ச் செருப்பை ஒரு பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள். அம்மா அடுப்பை ஊதுகிறேன் என்று உள்ளேயே இருந்தாள். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்கு நடந்தே போனார்கள். அப்போது அந்தப் பாதை வெறும் புளிய மரமும் புழுதியும்.

வீட்டு வேலைக்கு ஆள் இல்லாமல் போச்சு. எட்டாவது முடிந்ததும் அப்பா என்னை நிறுத்திவிட்டார். வக்கீலம்மா கிணற்றடிக்கு வந்தாள். நீங்கள் கேட்டீர்களே, ஏன் நின்றாய் என்று. இதுதான். அதற்காக நான் அழுததில்லை. சரிதான் என்று பட்டது.

சின்ன சித்தப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். வேங்கிக்காலில் மாடி வீடு. பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். போனேன். நல்ல சாப்பாடு.

நான் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் அவுஸில் துணி துவைக்கிறேன். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். அவர்கள் என்னிடம் பேசுகிற இங்கிலீஷ் எல்லாம் சின்னது. டவல். வாட்டர். டுமாரோ. பதினைந்து வருஷத்தில் ஒருத்தர் கூட பெரிய வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சித்தியைப் பற்றி அங்கங்கே காதில் விழும். மல்லாட்டை பிடுங்கப் போகிறாள் என்றார்கள். ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறாள் என்றார்கள். பௌர்ணமிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்த பிறகு பாதை ஓரம் சுண்டல் விற்கிறாள் என்றார்கள். கிரிவலம் போனால் அந்த இடத்தில் எதிர்ப்பக்கமாக நடப்பேன். ஐம்பது வருஷமும் அப்படித்தான்.

நீங்கள் எழுதின டிக்சனரி கதையைப் படித்த மறுநாள் லீவு சொல்லிவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். விசாரித்தேன். கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சிமெண்ட் ஷீட் வீடு. வாசலில் ஆட்டோ ஒன்று சக்கரம் கழட்டி நின்றது. சித்தி முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் ரெண்டு விரலுக்கு நகம் இல்லை.

"யாரு?"

"நான்தான் சித்தி. டவாலி வூட்டுப் பொண்ணு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். உரிக்கிறதை நிறுத்தவில்லை. உட்கார் என்று சொல்லவில்லை. தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். எனக்கு அந்த வார்த்தை தெரியாது என்பது. தெரியும் என்று சொன்னது. டீச்சர் சொல்லி அர்த்தம் தெரிந்துகொண்டது. கைதட்டல். நாலு மாசம். கடைசியில் தெரிந்துகொண்டே தெரியாது என்றது. ஒன்றையும் விடவில்லை.

அவள் கேட்டுக்கொண்டாள். ஓடு நொறுங்குகிற சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப எனக்குப் பதினோரு வயசு சித்தி" என்றேன். "கொழந்த."

கை நின்றது.

"கொழந்தன்னா நான் ஏன் உன்ன கேக்கறேன்?" என்றாள். "அந்த வூட்ல உங்கப்பன நான் நம்பல. உங்கம்மாவ நம்பல. உன் ஒருத்திய பெரிய மனுசின்னு நெனச்சேன். நம்பித்தான் போட்டேன்."

அவள் திரும்பவும் உரிக்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து மருமகள் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"யாரு அத்தே?"

"வழி கேட்டு வந்தாங்க" என்றாள் சித்தி.

நல்ல பெண். வாசல் வரைக்கும் வந்து கையை நீட்டிக் காட்டினாள். "நேராப் போனீங்கன்னா கிரிவலப் பாதை வந்துடும்ங்க. அங்க ஆட்டோ இருக்கும். பஸ்ஸுன்னா கொஞ்சம் நிக்கணும்."

சரிம்மா என்று சொல்லிவிட்டு, அவள் காட்டின பக்கமே நடந்தேன்.